பாஸ்வேர்டு கேட்காத போன் வேறு எதைக் கேட்கிறது?

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டதுமே "அப்பா வந்துட்டாரு" என்று வீட்டில் சொல்லிவிடுவோம் இல்லையா? கன்டினியுவஸ் ஆத்தன்டிகேஷன் செய்வதும் அதைத்தான். பின் நம்பரை ஒரு தடவை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடாது. நீங்கள் நடக்கும் விதம், போனைப் பிடிக்கும் கோணம், திரையைத் தள்ளும் வேகம் எல்லாவற்றையும் சென்சார் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்து, "அதே ஆள்தானா?" என்று மதிப்பெண் போடும். கூகுள் 2015-இல் ப்ராஜெக்ட் அபாகஸ் என்று காட்டியது இதைத்தான். அன்லாக் ஆகியிருக்கும் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவனிடமிருந்து இது நல்ல காவல்.

நம் ஊர் பேமென்ட் வரைக்கும் இந்த யோசனை வந்தாச்சு. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, இரண்டு காரணிச் சரிபார்ப்புக்கு மேல், இடம், பயனரின் பழக்கம், சாதன விவரம் ஆகியவற்றை வைத்தும் வங்கிகள் ஒரு பரிவர்த்தனையை எடைபோடலாம். பழக்கத்தை அளக்கக் கைவசம் இருக்கும் வழிகளில் ஒன்று சென்சார்.

சிக்கல் எங்கே? ஆவடியில் ரயில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஜிபிஎஸ் ஆஃப். ஆனாலும் அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர் என்று ரயில் நின்று கிளம்பும் ஒவ்வொரு தடவையும் ஆக்சிலரோமீட்டரில் பதியும். இடைப்பட்ட விநாடிகளை டைம்டேபிளோடு பொருத்தினால் எந்த லைன், எந்த ஸ்டேஷன் என்று ஊகிக்கலாம். பிறகு எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை என்றால், எஸ்டேட்டில் ஷிப்ட். ஒரு வாரமாக நடை சாய்கிறது என்றால், முட்டி வலி. "அதே ஆள்தானா" என்ற கேள்விக்கு இதில் எதுவுமே தேவையில்லை!

2014-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள்: கைரோஸ்கோப்பில் படும் ஒலி அதிர்வை வைத்தே, பக்கத்தில் பேசுபவர் யார், என்ன எண் சொன்னார் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. மைக்குக்கு அனுமதி கேட்கும் ஆண்ட்ராய்டு, கைரோஸ்கோப்புக்குக் கேட்பதில்லை. ஆண்ட்ராய்டு 12 வேகத்தை 200 ஹெர்ட்ஸுக்குக் கட்டுப்படுத்தியது, சரி. ஆனால் அந்த ஆய்வு நடந்ததே 200 ஹெர்ட்ஸில்தான்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டாக இதை எடுப்பவர்கள் டேட்டாவை சர்வருக்கு அனுப்பி மாடலை அங்கே ஓட்டுவதுதான் வழக்கம். சுலபம், அவ்வளவுதான். ஒப்பீட்டைப் போனுக்குள்ளேயே முடித்து, "ஆம்" அல்லது "இல்லை" மட்டும் வெளியே போனால் போதும். சில விநாடிக்கான சிறப்பியல்புகளை எடுத்ததும் மூல டேட்டாவை அழித்துவிடலாம். ஹோமோமார்ஃபிக் என்கிரிப்ஷனும் இருக்கிறது, பேட்டரி அழும். நடையின் டெம்ப்ளேட்டை அப்படியே சேமிப்பது ஆபத்து. பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றலாம், நடையை எப்படி மாற்றுவது? அதனால் ரகசியச் சாவியோடு கலந்து வைத்து, கசிந்தால் சாவியை மாற்ற வேண்டும். 2023-இன் தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டமும், சொன்ன நோக்கத்துக்குத் தேவையான அளவு டேட்டாவுக்குத்தான் சம்மதம் செல்லும் என்கிறது. காலில் மாவுக்கட்டு போட்டவரை வெளியே தள்ளாமல் பின் நம்பர் கேட்கவும் வழி வையுங்கள்.

உங்கள் போனிலேயே சோதித்துப் பார்க்கணும்னா, ஆண்ட்ராய்டு 10 முதல் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'சென்சார்ஸ் ஆஃப்' பட்டன் உண்டு. கேமராவும் மைக்கும் சேர்ந்தே அணையும். ஆன்லைன் வைவா நடுவில் தொட்டுவிடாதீர்கள்.