கொல்லிமலை வளப்பூர் நாட்டிலிருந்து அமெரிக்கச் சட்டப் படிப்புக்கு

இங்கே எல்.எல்.பி. முடித்தவர் அங்கே போய் மறுபடி மூன்றாண்டு ஜே.டி. படிக்க வேண்டியதில்லை. எல்.எல்.எம். ஓராண்டுதான்; அதற்குப் பொதுவாக எல்சாட் தேர்வும் கேட்பதில்லை. டோஃபெல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் வேண்டும்.

பெரிய தலைவலி பெயர்தான். நம் சான்றிதழில் 'கே. செல்வி' என்றிருக்கும்; அமெரிக்க விண்ணப்பமோ குடும்பப் பெயரைத் தனிக் கட்டத்தில் கேட்கும். பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுங்கள். பிறகு எல்லாத் தாளிலும் அதே எழுத்துக்கூட்டல்தான். சட்டக் கல்லூரி விண்ணப்பங்களைத் தொகுத்து அனுப்பும் எல்சாக் அமைப்பு வழியாக விண்ணப்பித்தால் மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்தே நேராகப் போக வேண்டும். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

பணத்துக்கு, மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை உண்டு. ஆண்டுக்கு நாடு முழுவதற்கும் 20 இடங்கள்தான், கொடுமையான குறைவு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 6 லட்சத்தைத் தாண்டக் கூடாது. சட்டம் அந்த ஆண்டின் பாடப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு வேண்டிய மலையாளி பழங்குடிச் சான்றிதழில் கையெழுத்திடுபவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். விசாரணைக்கு நாள் பிடிக்கும்.

அங்கே வகுப்பில் பேராசிரியர் திடீரென்று பெயர் சொல்லி, தீர்ப்பின் காரணத்தைக் கேட்பார். முந்தைய இரவே வழக்கைப் படித்து, நான்கு வரிக் குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க் பார் தேர்வு எழுதும் எண்ணமிருந்தால், எல்.எல்.எம்.மில் குறைந்தது 24 கிரெடிட் தேவை. குறிப்பிட்ட பாடங்களும் அதில் அடங்க வேண்டும். பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.