₹10,000 பட்ஜெட்ல புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்: காசு கொடுக்கறதுக்கு முன்னாடி எதைக் கேட்டுப் பார்க்கணும்?

வழக்கமா இங்க எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், நகைக்கடன்னுதான் பேசுவோம். இன்னைக்கு ஸ்பீக்கர். சிரிக்காதீங்க. நம்ம வீட்டுல யோசிக்காம பத்தாயிரம் ரூபாய் போற பொருட்கள்ல இதுவும் ஒண்ணு. அதுல நானே ஏமாந்திருக்கேன்.

நெமிலிச்சேரில வீடு மாறின புதுசுல ஒரு 5.1 ஹோம் தியேட்டர் வாங்கினேன். எந்தக் கடை, எந்தக் கம்பெனிங்கறது இங்க முக்கியம் இல்ல. விலை ₹11,990. ஆறு மாசம் நோ காஸ்ட் ஈஎம்ஐ. பெட்டி மேல பெருசா "9000 வாட்ஸ் பிஎம்பிஓ". கடைல போட்டுக் காட்டினப்ப தரை அதிர்ந்துச்சு, எனக்கும் சந்தோஷம். வீட்டுக்கு வந்து மாட்டினதும் எங்க அப்பா ரெண்டு நாள் கேட்டுட்டு சொன்னார்: "டேய், பாட்டு வருது. வார்த்தை வரலையே."

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல பிரஸ் ஷாப்ல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவர். அவருக்குக் காதுல பிரச்சனைன்னு நாங்களே முடிவு பண்ணி, வால்யூமைக் கூட்டிக்கிட்டே இருந்தோம். கூட்டக் கூட்ட 'தும் தும்'னு சத்தம்தான் கூடுச்சு. டயலாக் இன்னும் மங்கிப் போச்சு. காதுலயும் பிரச்சனை இருந்துச்சு, ஸ்பீக்கர்லயும் இருந்துச்சு. காது விஷயத்துக்குப் பின்னாடி வரேன், ரெண்டும் ஒரே பட்ஜெட்ல மோதற விஷயம்.

முதல்ல அந்த 9000 வாட். சம்பளத்துல சிடிசின்னு ஒண்ணு சொல்வாங்க, கைக்கு வர்றது வேற ஒண்ணு. பிஎம்பிஓங்கறது ஸ்பீக்கரோட சிடிசி. ஒரு கணநேரத்துக்கு, எந்த உதறலையும் கணக்குல எடுக்காம, எல்லாத்தையும் கூட்டிப் பெருக்கி எழுதற நம்பர் அது. எப்படி அளக்கணும்னு பொதுவான விதியே கிடையாது. கைக்கு வர்ற சம்பளம் ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ச்சியா கொடுக்கக்கூடிய பவர். கடைக்காரர் ஆர்எம்எஸ் தெரியலைன்னு சொன்னா பெட்டியைத் திருப்புங்க. பின்பக்க லேபிள்ல மின்சாரம் எவ்வளவு எடுக்கும்னு போட்டிருக்கும். அடாப்டர்ல ஓடற ஸ்பீக்கர்னா அடாப்டரைப் பாருங்க. 12 வோல்ட், 2 ஆம்ப்னு இருந்தா 12 × 2 = 24 வாட். உள்ள 24 வாட் வாங்கற பொருள் வெளிய தொடர்ச்சியா அதுக்கு மேல தள்ள முடியாது. என்னோட 9000 வாட் சிங்கத்தோட பின்பக்கம் 60 வாட்னு எழுதியிருந்துச்சு. அதை நான் மூணாவது ஈஎம்ஐ கட்டினப்பதான் படிச்சேன்.

சரி, அப்ப எத்தனை வாட் வேணும்? நீங்க நினைக்கறதை விட ரொம்பக் கம்மி. நல்ல ஸ்பீக்கர் ஷீட்டுல சென்சிட்டிவிட்டின்னு ஒரு டெசிபல் நம்பர் இருக்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தா எவ்வளவு சத்தம்ங்கறது அது. 86 டெசிபல்னு வைங்க. பவரை டபுள் ஆக்கினா 3 டெசிபல்தான் கூடும். 2 வாட்ல 89, 4 வாட்ல 92, 8 வாட்ல 95, 16 வாட்ல 98. ஹால்ல பத்தடி தள்ளி உட்கார்ந்தா அதுல கிட்டத்தட்ட எட்டு, ஒன்பது குறையும். அப்பவும் 90 பக்கம் வருது. சாதாரணமா பேசற சத்தம் 60 டெசிபல்தான். பத்துக்குப் பன்னிரண்டு ரூமுக்கு 20 வாட் உண்மையான பவர் தாராளம். 40 வாட் மாடலுக்கு இன்னொரு மூவாயிரம் கேட்டா, அந்த மூவாயிரத்துக்கு உங்களுக்குக் கிடைக்கறது வெறும் 3 டெசிபல். வேற ஏதாவது நல்லா இருந்தா கொடுங்க, வாட்டுக்காகக் கொடுக்காதீங்க.

இந்த ரேஞ்சுல என்ன எதிர்பார்க்கலாம்னு ஒரு உதாரணம் சொல்றேன். இது ஸ்பான்சர் கிடையாது. எடிஃபயர் ஆர்1280டின்னு ஒரு மாடல் ரொம்ப வருஷமா ஓடுது. 4 இன்ச் வூஃபர், 13 மில்லிமீட்டர் ட்வீட்டர், ஒரு பக்கத்துக்கு 21 வாட், மொத்தம் 42. ஆம்ப்ளிஃபயர் உள்ளயே இருக்கு. பிஎம்பிஓ பெட்டி பக்கத்துல வெச்சா இந்த 42 ஏழையாத் தெரியும். ஆனா இந்த 42 நிஜம். அதே சமயம் 4 இன்ச் வூஃபர்கிட்ட தியேட்டர் அதிர்வைக் கேட்காதீங்க. சுமார் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழ அதுக்கு மூச்சு வாங்கும். மிருதங்கத் தொப்பியோட கும்கி கொஞ்சம் மெலிஞ்சுதான் வரும். அதை மறைக்கறதுக்குன்னே சில கம்பெனி 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேட்டை ஏத்தி விட்டுருவாங்க. கடைல கேட்கும்போது "பேஸ் சூப்பர்"னு தோணும். வீட்டுல அந்த மேடுதான் குரலை மூடும்.

சின்னப் பெட்டின்னா மட்டம்னு நினைக்காதீங்க. 1970கள்ல பிபிசி, அவங்க வெளிப்புற ஒலிபரப்பு வேன்ல வைக்கறதுக்காக எல்எஸ்3/5ஏன்னு ஒரு குட்டி ஸ்பீக்கர் வடிவமைச்சாங்க. ஒரு அடி உயரம்தான். பேஸ் கம்மின்னு அவங்களுக்கே தெரியும். மனுஷக் குரல் சரியா கேட்கணும்ங்கறதுதான் தேவை. இன்னைக்கும் அதைத் தேடிப் பிடிச்சு வாங்கற ஆளுங்க இருக்காங்க.

இப்ப கேட்டுப் பார்க்கற வேலை. யூடியூப்ல ஸ்பீக்கர் ரிவ்யூ பார்த்து சவுண்டை முடிவு பண்ணாதீங்க, நம்ம சேனல் உட்பட. நீங்க அப்பக் கேட்கறது உங்க போனோட ஸ்பீக்கரைத்தான். நெமிலிச்சேரில லோக்கல் ட்ரெயின் ஏறினா ஏறக்குறைய ஒரு மணி நேரத்துல சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோல ஒரே ஸ்டாப், அரசினர் தோட்டம். இறங்கி நடந்தா ரிச்சி ஸ்ட்ரீட். ஞாயித்துக்கிழமை போகாதீங்க, பெரும்பாலான கடை மூடியிருக்கும். எல்லாக் கடைலயும் போட்டுக் காட்டவும் மாட்டாங்க. போட்டுக் காட்டற கடைல ஐநூறு அதிகம்னாலும் எனக்கு ஓகே.

பாட்டை நீங்க கொண்டு போங்க. கடைக்காரர் போடற பாட்டு அந்த ஸ்பீக்கர் எதை நல்லாப் பாடுமோ அதுதான். நான் முதல்ல போடறது 1960கள்ல வந்த ஒரு பழைய பாட்டு. காரணம், அது மோனோ. ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தம் வர்றதால, நீங்க நடுவுல உட்கார்ந்தா பாடறவர் ரெண்டுக்கும் நட்ட நடுவுல நிக்கற மாதிரி கேட்கணும். குரல் ஒரு பக்கம் சாஞ்சா அந்த ஜோடி சரியா பொருந்தலைன்னு அர்த்தம். எங்க இருந்து வருதுன்னே தெரியாம பரவலாக் கேட்டு, பேஸும் காணாமப் போனா, ஒயர்ல சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கும். அதை மாத்தினாப் போதும். ஒண்ணு, எக்கோ சேர்த்த 'ரீமாஸ்டர்' வெர்ஷன் இந்த டெஸ்டுக்கு உதவாது.

அடுத்து இளையராஜாவோட 1986 ஆல்பம் 'ஹவ் டு நேம் இட்'. குரல் இல்லாத இசை, வயலின்கள் நிறைய. மட்டமான ட்வீட்டர்ல அந்த வயலின் எல்லாம் சேர்ந்து ஒரே கீச்சா மாறும். நல்லதுல தனித்தனியாப் பிரிஞ்சு வரும். மூணாவது, யாராவது சும்மா பேசற ஆடியோ. செய்தி வாசிப்புகூடப் போதும். ஆம்பளைக் குரல் குடத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருந்தா பெட்டியோட கட்டுமானம் சரியில்ல. விரலை மடக்கி பெட்டிப் பக்கவாட்டைத் தட்டுங்க. 'டொக்'னு அடங்கணும், 'டொய்ங்'னு இழுக்கக் கூடாது. 'ஸ'வும் 'ச'வும் ஊசி மாதிரி குத்துதான்னும் பாருங்க.

இதுல ஒரு தந்திரம் இருக்கு. ரெண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது எது கொஞ்சம் சத்தமா இருக்கோ அதுதான் நல்லா இருக்கற மாதிரி நம்ம காதுக்குத் தோணும். விக்கறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். அதனால போன்ல ஒரு டெசிபல் மீட்டர் ஆப் போட்டு, ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்து கேளுங்க. அப்புறம் ரெண்டையும் ராத்திரி பத்து மணி வால்யூமுக்குக் குறைச்சுக் கேளுங்க. நாம நிஜமா வாழப்போறது அந்த வால்யூம்லதான், பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கு.

டிவிக்குன்னா கிளம்பறதுக்கு முன்னாடி டிவி பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. நிறைய புது டிவில ஹெட்ஃபோன் ஓட்டையே கிடையாது, ஆப்டிகல் அல்லது எச்டிஎம்ஐ ஆர்க் மட்டும்தான். ஸ்பீக்கர்ல அது இல்லைன்னா தனியா கன்வெர்ட்டர் வாங்கணும். ப்ளூடூத்ல வாய் ஒரு நேரம், வார்த்தை ஒரு நேரம்னு வர வாய்ப்பு இருக்கு. வூஃபர் ஓரத்துல இருக்கற வளையம் ரப்பரா, ஃபோமான்னும் கேளுங்க. நம்ம ஊர் ஈரத்துல ஃபோம் சீக்கிரம் உதிரும். ரப்பர் நீடிச்சு உழைக்கும்.

கணக்குக்கு வருவோம். ₹10,000 ஸ்பீக்கர், தினம் ரெண்டு மணி நேரம், அஞ்சு வருஷம்னா 3,650 மணி நேரம், ஒரு மணி நேரத்துக்கு ₹2.74. ₹4,000 ஸ்பீக்கர் ஒன்றரை வருஷத்துல படுத்துட்டா சுமார் 1,095 மணி நேரம், ₹3.65. விலை கம்மியானதுதான் இங்க காஸ்ட்லி. ஆனா இந்தக் கணக்கு நிஜமா ரெண்டு மணி நேரம் கேட்கறவங்களுக்கு மட்டும்தான். மாசம் ரெண்டு படம் பாக்கறவங்க இதை வெச்சு மனசைத் தேத்திக்காதீங்க.

நோ காஸ்ட் ஈஎம்ஐ பத்தி 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி, சைபர் வட்டிங்கற கருத்தே கிடையாதுன்னு சொல்லிடுச்சு. வட்டியை டிஸ்கவுன்ட்டாக் கழிச்சுக் காட்டுவாங்க, பேங்க் அந்த வட்டியை வசூல் பண்ணும். ₹12,000க்கு ஆறு மாச வட்டி சுமார் ₹500ன்னு வைங்க. அதுக்கு 18% ஜிஎஸ்டி ₹90 நம்ம தலைல. ப்ராசஸிங் ஃபீஸ் ₹199ன்னா வரியோட ₹235. மொத்தம் ₹325. ரொக்கமாக் கொடுத்தா எவ்வளவு குறைப்பீங்கன்னு கேட்டுட்டு, அதையும் இதோட கூட்டுங்க.

வாங்கி வந்தப்புறம் ஷோகேஸ் மூலைக்குள்ள திணிக்காதீங்க. சுவரும் மூலையும் பேஸை ஊத வைக்கும். கொஞ்சம் முன்னாடி இழுத்து, ட்வீட்டர் காது உயரத்துல வர்ற மாதிரி வைங்க. டைல்ஸ் தரை, காலிச் சுவர்னா எக்கோ அடிக்கும். தடிமனான கர்ட்டனும் தரைல ஒரு ஜமுக்காளமும் போட்டா, இன்னொரு ரெண்டாயிரம் போட்டு வாங்கின மாதிரி வித்தியாசம் தெரியும்.

இப்ப அப்பா விஷயம். மெஷின் சத்தத்துல வேலை பார்த்தவங்களுக்கு முதல்ல அடி வாங்கறது 3,000ல இருந்து 6,000 ஹெர்ட்ஸ் பகுதி. வார்த்தையைப் பிரிச்சுக் காட்டற 'ச', 'ட', 'க' மாதிரி மெய்யெழுத்துச் சத்தங்கள்ல நிறைய அந்தப் பக்கம்தான் இருக்கு. அதனாலதான் "சத்தம் கேக்குது, புரியல". இதுக்கு ஆடியோகிராம் டெஸ்ட் இருக்கு. உங்க வீட்டுல யாராவது டிவி வால்யூமைக் கூட்டிக்கிட்டே போனா, ஸ்பீக்கர் வாங்கறதுக்கு முன்னாடி அந்த டெஸ்டை எடுத்துடுங்க. ரிசல்ட் வந்தப்புறம் பட்ஜெட்டே மாறலாம். எங்களுக்கு மாறுச்சு. அப்பாவுக்கு ஒரு காதுக்கு மெஷின் வேணும்னு சொன்னாங்க. அதனால ஸ்பீக்கருக்கு ஒதுக்கினதுல பாதிக்கு மேல அங்க போச்சு. மீதியில ஏற்கனவே பயன்படுத்தின ஒரு 4 இன்ச் ஜோடி வாங்கினோம், நான் சொன்ன டெஸ்ட் எல்லாம் பண்ணி, அப்பாவையும் பக்கத்துல உட்கார வெச்சு. நான் 'நல்லாருக்கு'ன்னு சொன்ன முதல் ஜோடியை அவர் வேணாம்னுட்டார். ரெண்டாவதுல ஒரு பழைய பாட்டு ஓடி முடியற வரைக்கும் பேசவே இல்ல. அதைத்தான் எடுத்தோம்.

பழைய 5.1 ₹1,800க்குப் போச்சு. கடைசி ஈஎம்ஐ கட்டி ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு.