பாகம் பார்த்துக் கணனி வாங்குவோம்

(குழுவாக வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்)

ஊரை விட்டு வந்து கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வாடகை அறையில் வாழும் விவசாயக் குடும்பத்துக்குக் கணனி ஓர் ஆடம்பரப் பொருள் என்று சொல்லிய காலம் போய்விட்டது. பிள்ளை சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கிறது. உயர்தரத்தில் 2013 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தொழினுட்பத் துறையில் சேர வேண்டும் என்கிறது. பெற்றோர் எப்படியாவது காசு தேடுகிறார்கள். அந்தக் காசு நெல் விற்று மிஞ்சிய காசு அல்ல. காப்பை அடகு வைத்த காசு, சீட்டு எடுத்த காசு, வெளிநாட்டில் இருக்கும் தம்பி அனுப்பிய காசு. ஒரு தடவை பிழைத்துப் போனால் மறு தடவை கிடைக்காத காசு.

நிலம் இருந்த காலத்தில் நாம் எதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியதில்லை. எருது வாங்கும்போது பல்லைப் பார்த்தோம், நடக்க விட்டுப் பார்த்தோம். விதைநெல்லைத் தண்ணீரில் போட்டுப் பதரை நீக்கினோம். அதே கண்ணோடு கணனியையும் பார்க்கலாம். அதற்கு ஆங்கிலப் புலமை தேவையில்லை. எந்த எண்ணை எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

1. எங்கே வாங்குவது?

காலி வீதியில், பம்பலப்பிட்டியில், மெஜஸ்டிக் சிற்றிக்குப் பக்கத்தில் உள்ள யுனிட்டி பிளாசாவில் கணனிக் கடைகள் நிறைய உண்டு. வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு அது அடுத்த புகையிரத நிலையம். கொட்டாஞ்சேனையில் இருப்பவர்கள் புறக்கோட்டைக்கு வந்து காலி வீதி பஸ் எடுக்கலாம். முழுக் கணனியாகவும் வாங்கலாம். பாகம் பாகமாகத் தெரிந்து பூட்டுவிக்கவும் செய்யலாம். பாகமாக வாங்குவதன் நன்மை, ஒன்று பழுதானால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம் என்பதே.

முதல் நாள் காசு கொண்டு போக வேண்டாம். கொப்பியும் பேனாவும் கொண்டு போய், மூன்று கடைகளிலாவது விலை கேட்டு, திகதியோடு எழுதி வாருங்கள். பாகங்கள் யாவும் இறக்குமதி என்பதால் விலை டொலரோடு ஏறி இறங்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது. 2025 இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவுக் கணனி நிலையங்களின் தேவையால் உலகச் சந்தையில் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. ஆகவே போன மாதம் ஒருவர் சொன்ன விலையை நம்பி வீட்டை விட்டுப் புறப்படக் கூடாது.

2. பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்

புரொசசர் என்பது கணனியின் மூளை. இன்டெல் நிறுவனத்தின் ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். “ஐ7 கணனி, மலிவு விலை” என்றால் மனம் சாய்ந்துவிடும். பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். மேசைக் கணனியில் அது நான்கு இலக்கமானால் முதல் இலக்கமும், ஐந்து இலக்கமானால் முதல் இரண்டு இலக்கங்களும் அது எத்தனையாவது தலைமுறை என்று காட்டும்.

ஐ7-2600 இரண்டாம் தலைமுறை. 2011 இல் வந்தது. ஐ3-10100 பத்தாம் தலைமுறை. 2020 இல் வந்தது. இரண்டிலும் நான்கு கருக்கள்தான். ஆனால் வேகம் கூடியது ஐ3. முன்னையதற்குக் குறிக்கப்பட்ட மின்வலு 95 வாட், பின்னையதற்கு 65 வாட். அதாவது, பெயரில் பெரியது வேலையில் சிறியதாக இருக்கிறது. பல் விழுந்த எருதுக்குக் கொம்பு நீளமாக இருந்து என்ன பயன்?

இன்னொன்று. வின்டோஸ் 10 க்கு மைக்ரோசொஃப்ட் வழங்கிய வழமையான இலவசப் பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. வின்டோஸ் 11 க்குப் பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அதற்கு முந்திய கணனியை மலிவாக வாங்குவோர் உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் முறைமையைப் போட்டுக்கொள்ளலாம். லிபர் ஒபிஸ் என்ற இலவச மென்பொருளில் கட்டுரை எழுதலாம், கணக்கு அட்டவணை போடலாம். ஆனால் பிள்ளையின் பாடத்துக்கு எது வேண்டும் என்று ஆசிரியரிடம் முதலில் கேளுங்கள்.

எண்ணின் கடைசியில் ‘எஃப்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் கவனம். ஐ3-10100எஃப் சில வேளை விலை குறைவாக இருக்கும். ஆனால் திரையில் படம் காட்டும் பகுதி அதனுள் இயங்காது. தனியாகக் கிராஃபிக்ஸ் காட் வாங்க வேண்டி வரும். மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும்.

3. ஒன்றோடொன்று பொருந்துமா?

மதர்போட் என்பது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகை. அதில் புரொசசர் உட்காரும் இடம் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இன்டெல் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக்கு 1155; பத்தாம் தலைமுறைக்கு 1200; பன்னிரண்டாம் தலைமுறைக்கு 1700 என்ற இருக்கைகள். றாம் எனப்படும் நினைவகமும் அப்படியே. டீ.டீ.ஆர். 3, 4, 5 என மூன்று வகை இன்று சந்தையில் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது. வெட்டுப்பள்ளம் வேறு இடத்தில் இருக்கும். ஆகவே புரொசசர், மதர்போட், றாம் மூன்றையும் ஒரே கடையில், ஒரே பற்றுச்சீட்டில் வாங்குவது நல்லது. பொருந்தாவிட்டால் ஒரு கடைக்காரர் மற்றவரைக் குறை சொல்ல இடமிருக்காது.

பாவித்த மதர்போட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிறு உருளைகளின் தலை வீங்கியிருக்கிறதா? கடற்கரைக் காற்றில் செருகிடங்கள் துருப்பிடித்தோ பச்சை படிந்தோ இருக்கின்றனவா? இருக்கையின் ஊசிகளில் ஒன்றாவது வளைந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

4. ஊற்று எவ்வளவோ இறைப்பும் அவ்வளவே

கிணற்றில் ஊற்றுக் குறைவென்றால் எவ்வளவு பெரிய பம்ப் பூட்டினாலும் தோட்டத்துக்குத் தண்ணீர் போதாது. பல வீடுகளில் கணனி மெதுவாக இயங்கக் காரணம் மூளை அல்ல. பழைய ஹாட் டிஸ்க். அதனுள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல, ஒரு முனை ஓடி ஓடித் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி. என்ற புதிய வகையில் அசையும் பாகமே இல்லை. அதனால் தேடும் நேரம் மிகக் குறைவு. பிள்ளையின் படிப்புக்கு 256 ஜீ.பி. எஸ்.எஸ்.டி.யும் 8 ஜீ.பி. றாமும் போதும். றாம் ஒரு துண்டாக வாங்கி அடுத்த செருகிடத்தை வெறுமையாக விட்டால், காசு வரும்போது இன்னொரு துண்டு சேர்க்கலாம்.

பாவித்த ஹாட் டிஸ்க் என்றால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். அது எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று காட்டும். 30,000 மணி என்றால், நாளுக்கு 8 மணி வீதம் பத்து வருட உழைப்பு.

5. கண்ணில் படாத பாகம்

பவர் சப்ளை என்ற பெட்டியைப் பலர் கவனிப்பதில்லை. அது கெட்டால் தான் மட்டும் சாகாது. மற்றப் பாகங்களையும் கொண்டுபோகும். மேலே 500 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பக்கத்தில் ஒட்டிய அட்டவணையில் 12 வோல்ட் என்ற நிரலில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12 ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட் மட்டுமே. 500 என்பது வெறும் எழுத்து. 25 ஆம்பியர் என்றால் 300 வாட். கிராஃபிக்ஸ் காட் இல்லாத வீட்டுக் கணனிக்கு அது தாராளம். ‘80 பிளஸ்’ முத்திரை உள்ளதைத் தெரிந்தெடுங்கள்; அந்த முத்திரையும் போலியாக அச்சிடப்படலாம் என்பதால் அறிந்த பெயருள்ள நிறுவனத்தின் பொருளை நல்ல கடையில் வாங்குங்கள்.

வாடகை அறையின் செருகியில் நிலத்தொடுப்பு இருக்கிறதா என்று மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். இடி மின்னல் நேரத்தில் வயரைக் கழற்றி விடுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. திடீரென மின்சாரம் நின்றால் செய்த வேலையும் போகும், டிஸ்கும் கெடலாம். சிறு யூ.பி.எஸ். ஒன்று இருந்தால் சில நிமிடத்தில் வேலையைச் சேமித்து முறையாக நிறுத்தலாம்.

6. காசு குறைந்தால் எதைக் குறைப்பது?

குறைக்கக் கூடாதவை: பவர் சப்ளை, எஸ்.எஸ்.டி. இவை புதிதாகவே இருக்கட்டும்.
பாவித்தது வாங்கக் கூடியவை: மொனிற்றர், புரொசசர், கேசிங், கீபோட், மவுஸ்.
பிறகு சேர்க்கக் கூடியவை: இரண்டாம் றாம், பிரின்ரர்.
வேண்டாதவை: வண்ண விளக்குகள், கண்ணாடிப் பெட்டி, விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் காட்.

7. காசு கொடுக்கும் முன்

பூட்டிய கணனியை அரை மணித்தியாலம் கடையிலேயே ஓட விடுங்கள். திரையில் காட்டும் புரொசசரின் எண்ணும் றாமின் அளவும் பற்றுச்சீட்டில் உள்ளவையா என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாகத்தின் பெயர், தொடர் இலக்கம், உத்தரவாதக் காலம் யாவும் பற்றுச்சீட்டில் எழுதப்பட வேண்டும். “நம்பிக்கைதானே அண்ணை” என்றால், நம்பிக்கையைக் கடதாசியிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம்; தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டு இல்லாத முறைப்பாட்டுக்குப் பலம் குறைவு.

இடம்பெயர்ந்தவர்கள் என்றால் விபரம் தெரியாதவர்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. கொப்பியில் எண்களை எழுதிக்கொண்டு, மூன்றாவது கடையில் நின்று, “12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்?” என்று கேட்கும் தாயிடம் அப்படி யாரும் நினைக்க மாட்டார்கள்.

கலந்துரையாடுவதற்கு

அ. ஊரில் எருது, பம்ப், விதைநெல் வாங்கும்போது நாம் எவற்றைப் பார்த்தோம்? அவற்றில் எவை கணனிக்கும் பொருந்தும்?
ஆ. பவர் சப்ளை ஒன்றில் 12 வோல்ட், 20 ஆம்பியர் என்று இருக்கிறது. உண்மையான வலு எத்தனை வாட்?
இ. ஒரே கட்டிடத்தில் வாழும் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு கணனி வாங்கினால், யார் எப்போது பாவிப்பது, பழுதானால் யார் செலவழிப்பது? வாங்கும் முன்பே எழுதி வையுங்கள்.