விழிப்பே காவல்

தேர்வு முடிவு வெளியாகும் நாள் காலையில் எத்தனையோ வீடுகளில் ஒரே நேரத்தில் பதிவெண்ணைத் தட்டச்சு செய்கிறார்கள். சில நொடிகளில் மதிப்பெண் திரையில் தோன்றுகிறது. நாம் மகிழ்கிறோம், அல்லது கலங்குகிறோம். ஆனால் அந்த எண்ணை நமக்கு எடுத்துத் தந்தது எது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அப்பணியைச் செய்வதே பயன்பாட்டுச் சேவையகம். அதை அமைப்பது, பேணுவது, காப்பது ஆகிய மூன்றையும் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு பள்ளியை உவமையாகக் கொள்வோம். வாயில் காவலர் வருபவரை விசாரித்து உள்ளே அனுப்புகிறார். அலுவலக எழுத்தர் வந்தவரின் தேவையைக் கேட்டு, பதிவேட்டு அறைக்குச் சென்று, வேண்டியதை எடுத்து எழுதித் தருகிறார். கணிப்பொறி உலகில் வாயில் காவலர் வலைச் சேவையகம்; எழுத்தர் பயன்பாட்டுச் சேவையகம்; பதிவேட்டு அறை தரவுத்தளம். வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் டாம்கேட், வெப்லாஜிக், வெப்ஸ்பியர் போன்ற மென்பொருள்களை இந்த எழுத்தர் வேலைக்கு வைத்திருக்கின்றன.

அமைத்தல்

ஒரே சமயத்தில் எத்தனை பேரைக் கவனிப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். டாம்கேட்டில் நாம் எதையும் மாற்றாவிட்டால் 200 வேண்டுகோள்கள் வரை ஒரே நேரத்தில் கவனிக்கப்படும். இதைக் கூட்டலாம். ஆனால் நினைவகமும் தரவுத்தள இணைப்புகளும் அதற்கு ஈடாக இருக்க வேண்டும். பத்து எழுத்தருக்கு இடமுள்ள அறையில் நூறு பேரை அமர்த்தினால் ஒருவராலும் எழுத முடியாதன்றோ?

பேணுதல்

சேவையகம் தான் செய்த வேலைகளையும் கண்ட பிழைகளையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வரும். நிர்வாகி அதை நாள்தோறும் படிக்க வேண்டும். தகவல்களுக்கு வேறிடத்தில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு சோதனைச் சேவையகத்தில் செய்து பார்த்த பின்னரே உண்மையான சேவையகத்தில் செய்ய வேண்டும்.

காத்தல்

மென்பொருளுடன் வரும் மாதிரிப் பக்கங்களை நீக்க வேண்டும். பொதுவான கடவுச்சொல் ஏதும் வந்தால் அன்றே மாற்ற வேண்டும். நிர்வாகப் பக்கம் வெளியுலகுக்குத் திறந்திருக்கலாகாது. சேவையகத்துக்குத் தன் பணிக்கு வேண்டிய உரிமை மட்டுமே தரப்பட வேண்டும். எல்லா அறைகளின் சாவியையும் ஓர் எழுத்தரிடம் தருவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மென்பொருளில் பழுது கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தம் வெளியானால் தாமதமின்றி அதைப் பொருத்த வேண்டும்.

ஒரு நிகழ்ச்சி

இவை சின்னஞ்சிறு வேலைகளாகத் தோன்றலாம். இவற்றைத் தவறவிட்டால் என்ன நேரும் என்பதை அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்துக்கு நேர்ந்ததிலிருந்து அறியலாம். 1899-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், மக்கள் வாங்கிய கடன்களையும் திருப்பிச் செலுத்திய விவரங்களையும் பதிந்து வைப்பது. அதன் இணையதளம் ஒன்றில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருள் பயன்பட்டு வந்தது. 2017 மார்ச் 7 அன்று அம்மென்பொருளின் பழுதும் அதற்கான திருத்தமும் அறிவிக்கப்பட்டன. 48 மணி நேரத்துக்குள் திருத்தத்தைப் பொருத்துமாறு நிறுவனத்துக்குள் மடலும் சென்றது. ஆனால் மடல் பெறுவோர் பட்டியல் பழையது. பொருத்த வேண்டியவருக்கு அது போய்ச் சேரவில்லை. பழுதைத் தேடிய சோதனையும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

மே மாதம் திருடர்கள் நுழைந்தனர். உள்ளே ஒரு கோப்பில் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமலே இருந்தன. அவற்றைக் கொண்டு, அந்த இணையதளத்துக்குத் தொடர்பில்லாத 48 தரவுத்தளங்களையும் திறந்தனர். போக்குவரத்தைக் கண்காணிக்க நிறுவனம் ஒரு கருவி வைத்திருந்தது உண்மைதான். ஆனால் அதற்குரிய சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்தவுடன் திருட்டு கண்ணில் பட்டது. அதற்குள் சுமார் 14 கோடியே 70 இலட்சம் மக்களின் விவரங்கள் களவு போயின.

பெயர், பிறந்த தேதி, முகவரி, அரசு தந்த அடையாள எண் ஆகியவை அவற்றில் அடங்கும். கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை எப்படி மாற்றுவது? நிறுவனம் 2019-இல் குறைந்தது 57 கோடியே 50 இலட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆயினும் போன தகவல் திரும்பவில்லை.

நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ரிச்சர்ட் ஸ்மித், 2017 அக்டோபரில் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்கையில், ஓர் ஊழியர் செய்தியை உரியவருக்குச் சேர்க்கத் தவறியதைக் காரணமாகக் காட்டினார். ஒருவர் மறப்பது இயல்பு. ஒருவரின் மறதியால் கோடிக்கணக்கானோர் துன்புறும்படி வைத்திருந்ததே பெருந்தவறு என்பது நம் கருத்து.

முடிவுரை

மணமகனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னியரின் உவமையை நாம் நற்செய்தியில் படித்திருக்கிறோம். விளக்குப் பத்துப் பேரிடமும் இருந்தது. வேண்டிய எண்ணெயை உடன் கொண்டு சென்றவர்கள் ஐவரே. ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திடமும் விளக்கு இருந்தது; எண்ணெய்தான் தீர்ந்திருந்தது.

நம்முள் சிலர் நாளை கணிப்பொறித் துறைக்குச் செல்லக்கூடும். அன்று நம் கையில் தரப்படுவது வெறும் இயந்திரமன்று. முகம் அறியாத மக்கள் நம்பி ஒப்படைத்த வாழ்க்கைக் குறிப்புகள். நம்மிடம் உள்ளவை எவை என்று பட்டியலிடுவோம், பட்டியலைப் புதுப்பிப்போம், செய்தாயிற்றா என்று இன்னொருவரையும் பார்க்கச் சொல்வோம். பெரிய அறிவைவிட நாள் தவறாத விழிப்பே சிறந்த காவல்.