மொட்டைமாடித் தெர்மாமீட்டர் சொல்வது யாருடைய சூடு?

நம்பிக்கை: பேப்பரில் போடும் வெயில் குறைச்சல், நிஜ வெயில் அதைவிட அதிகம்.

சித்திரை பிறந்தால் மதுரை டீக்கடைகளில் இந்தச் சண்டைதான். ‘மதுரை விமான நிலையம் 104’ என்று செய்தி வந்திருக்கும். “நூத்தி நாலா? மாட்டுத்தாவணியில வந்து நின்னு பாருங்கண்ணே!” என்பார் ஒருவர். மொட்டைமாடியில் வைத்த தெர்மாமீட்டரையும் சாட்சிக்கு இழுப்பார்.

உண்மை: தெர்மாமீட்டருக்குத் தெரிந்தது தன் குமிழின் சூடு மட்டுமே. வெயிலில் வைத்தால் அது வெயிலை வாங்கிக் காற்றைவிட அதிகமாகக் காய்ந்துவிடும். அதனால்தான் வானிலை நிலையங்களில் அதை ஏறத்தாழ நான்கடி உயரத்தில், வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள் வைப்பது வழக்கம். பெட்டியின் சாய்சட்டங்கள் வழியே காற்று புகும், வெயில் புகாது. ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். (வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன், ‘புதையல் தீவு’ எழுதிய நாவலாசிரியரின் அப்பா.)

அந்தப் பெட்டிக்குள் உச்ச வெப்பத்தைப் பிடிப்பது பாதரசம். குமிழை ஒட்டிக் குழாய் ஓரிடத்தில் நெரிந்திருக்கும். ஏறிய பாதரசம் தானாக அதைத் தாண்டி இறங்காது. விடியற்காலைக் குறைந்த வெப்பத்துக்கு ஆல்கஹால். குளிரில் சுருங்கும்போது உள்ளே கிடக்கும் சின்னக் குச்சியைப் பின்னுக்கு இழுத்துப் போகும். விரியும்போது அங்கேயே விட்டுவிடும்.

நம்பிக்கை: குழாயில் சிவப்பாகத் தெரிவதும் பாதரசமே.

இல்லை. பாதரசம் வெள்ளி நிறம்தான், அதற்குச் சாயம் ஏறாது. சிவப்பு என்றால் பெரும்பாலும் சாயம் கலந்த ஆல்கஹால்.

நம்பிக்கை: காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர், வாயில் வைக்கும் முன்பே 104 காட்டினால் அது கெட்டுப்போனது.

பாதரசத் தெர்மாமீட்டர்கள் இப்போது அருகிவிட்டன. கொடைக்கானலில் அவற்றைச் செய்துவந்த தொழிற்சாலை, பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி காயலான் கடையில் கிடந்தது வெளிவந்ததும் 2001இல் மூடப்பட்டது. ஆனாலும் பல வீட்டு அலமாரிகளில் ஒன்று கிடக்கும். மே மாதப் பிற்பகலில், தகரக் கூரை வீட்டில் அறையே 104 டிகிரி இருக்கும். அது அறையின் சூட்டைத்தான் காட்டுகிறது, பழுதொன்றும் இல்லை. அங்கே எத்தனை உதறினாலும் பாதரசம் அதற்குக் கீழே இறங்காது. இதன் குழாயிலும் அதே நெரிவு உண்டு என்பதால், காய்ச்சலே இல்லாத பிள்ளைக்கும் 104 என்றுதான் நிற்கும்.

மண்பானைத் தண்ணீரில் சற்று நேரம் முக்கி, நன்றாக உதறி, 95க்குக் கீழே போய்விட்டதா என்று பார்த்தபிறகு பிள்ளைக்கு வையுங்கள். கொதிநீரில் மட்டும் கழுவாதீர்கள், வெடித்துவிடும்.