டேப் பார்த்து பாஸ் கிட்டார்: மெட்டல் பாட்டு பழக 12 குறிப்புகள்

திருப்புறம், பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் ஆலயப் பாடகர் குழுவில் பாஸ் கிட்டாரைப் பார்த்து ஆசைப்பட்ட பிள்ளைகள் உண்டு. மெட்டல் பாட்டு பிடித்துப்போனதும் கைப்பேசியில் டேப் தேடுகிறார்கள்; கம்பிகளைக் கோடுகளாகவும் விரல் வைக்கும் இடங்களை எண்களாகவும் எழுதிய குறிப்புதான் டேப். விரலை எங்கே வைக்க வேண்டும் என்று டேப் சொல்லிவிடும். எப்போது வைப்பது என்பதைக் காதும் காலும்தான் சொல்ல வேண்டும். இதை மனதில் வைத்தால் வீட்டிலிருந்தே நன்றாகப் பழகலாம்.

1. முதலில் கோடுகளை எண்ணுங்கள். ஆறு இருந்தால் அது கிட்டார் டேப், நான்கு இருந்தால் பாஸ். நான்கில் அடிக்கோடுதான் தடித்த ஈ கம்பி. அதற்கு மேலே வரிசையாக ஏ, டி, ஜி. மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் தடித்த கம்பிதான் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அதனால் முதல் நாள் தலைகீழாகத் தோன்றும், பிறகு பழகிவிடும்.

2. எண் என்பது ஃப்ரெட்; வீணையில் மெட்டு என்கிறோமே, அதே இடம். 0 என்றால் விரல் வைக்காமல் மீட்டுவது. எண்களுக்கு நடுவே சாய்கோடு வந்தால் விரலை எடுக்காமல் இழுத்துச் செல்லுங்கள். பெருக்கல் குறி வந்தால் கம்பியை லேசாகத் தொட்டபடி ஸ்வரமில்லாமல் தட்டுங்கள்.

3. டேப்பின் தலைப்பில் ட்யூனிங் என்ன என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 'டிராப் டி' என்றிருந்தால் ஈ கம்பியை ஒரு முழு ஸ்வரம் தளர்த்தி, டி கம்பியோடு சேர்த்து மீட்டுங்கள். ஒரே ஸ்வரம் மேலும் கீழுமாகக் கேட்டால் சரி. பிளாக் சபாத் கிட்டார் கலைஞர் டோனி அயோமி 17 வயதில் தகரத் தொழிற்சாலையில் இரு விரல் நுனிகளை இழந்தவர். கம்பிகளைத் தளர்த்தி வாசித்தால் விரலுக்கு எளிதாக இருந்தது. 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் கனத்த ஒலிக்கு அந்தத் தளர்வும் ஒரு காரணம்.

4. சாதாரண டேப்பில் தாளம் இருக்காது. கர்நாடக இசைப் பாடகர் நெய்யாற்றின்கரை வாசுதேவன் பிறந்த மண்ணில் தாளம் போடச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்று கம்பிகளும் சும்மா இருக்கட்டும்:

ஈ |-0-0-3-0-5-0-3-0-|

எட்டு எண்கள், ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்கள். முதலில் கையால் தாளம் போட்டு வாயால் எண்களைச் சொல்லுங்கள். பிறகு காலால் தட்டிக்கொண்டு வாசியுங்கள்.

5. மெட்டலில் அடிக்கடி வரும் குதிரை ஓட்டத்துக்கு 'தா-தக, தா-தக' என்று சொல்லிப் பழகுங்கள். 'தா' நீளம், 'தக' இரண்டு குட்டை அடிகள். அயர்ன் மெய்டன் பாஸ் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் இதைப் பிக் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) இல்லாமல் விரலாலேயே வாசிக்கிறார். 'தி ட்ரூப்பர்' (1983) கேளுங்கள்.

6. மெட்ரோனோமை 60-இல் வைத்துத் தொடங்குங்கள். தவறில்லாமல் மூன்று முறை வந்தால் மட்டும் 5 கூட்டுங்கள். தடுக்கும் இடத்தை மட்டும் தனியே பிரித்து வாசியுங்கள். ஒவ்வொரு முறையும் பாட்டின் தொடக்கத்துக்குப் போக வேண்டாம்.

7. 34 அங்குல பாஸில் முதல் ஃப்ரெட்டின் அகலமே ஏறக்குறைய 5 செ.மீ. சின்னக் கைக்கு 30 அங்குல பாஸ் வசதி. ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்துங்கள். நடுவில் அழுத்தினால் 'ஜிர்ர்' என்று அதிரும். விரல் நுனி காய்க்கும்வரை தினமும் 20 நிமிடம் போதும். மணிக்கட்டு வலித்தால் உடனே நிறுத்துங்கள்.

8. வாசிக்காத கம்பியை அடக்கி வையுங்கள். மற்ற கம்பிகளை மீட்டும்போது வலது கட்டைவிரல் ஈ கம்பி மேல் படுத்திருக்கட்டும். டிஸ்டார்ஷன் போட்டால் சின்ன அதிர்வும் இரைச்சலாகும்.

9. ஈ கம்பியின் அடிநாதம் 41 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரில் அது வராது. வயருள்ள ஹெட்போனில் கேளுங்கள்; புளூடூத்தில் ஒலி தாமதித்து வந்து தாளம் தவறும்.

10. டேப்பை அப்படியே நம்ப வேண்டாம். யாரோ ஓர் ஆர்வலர் காதால் கேட்டு எழுதியிருப்பார், பிழை இருக்கும். இரண்டு டேப்களை ஒப்பிட்டுப் பாட்டோடு சேர்த்துக் கேளுங்கள். ஈ கம்பியின் 5-ஆம் ஃப்ரெட்டும் வெறும் ஏ கம்பியும் ஒரே ஸ்வரம். எது கைக்கு வசதியோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

11. முதல் பாட்டாக பிளாக் சபாத்தின் 'அயர்ன் மேன்' (1970) நல்லது. அடுத்து மெட்டாலிக்காவின் 'ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்' (1984). அதன் தொடக்கத்தில் கிட்டார் போலக் கேட்பது கிளிஃப் பர்ட்டனின் பாஸ்தான். நம் பக்கத்து இசைக்கு, கண்ணூரின் 'தி டவுன் டிராடன்ஸ்' 2014-இல் வெளியிட்ட ஆல்பத்தையும் கேளுங்கள்.

12. பூவாறு கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. உப்புக்காற்றும் வியர்வையும் கம்பியைத் தின்றுவிடும். வாசித்து முடித்ததும் பழைய கைத்தறித் துண்டால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடையுங்கள். ஒலி மங்கினால் கம்பிகளைக் கழற்றிச் சுருட்டி, வெறும் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். சுருளுக்குள் தங்கிய அழுக்கு வெளியேறித் தண்ணீர் கலங்குவதைப் பார்ப்பீர்கள். ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி மாட்டினால் சில நாட்களுக்குப் பழைய கணீர் ஒலி திரும்பும். மழைக்காலத்தில் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். இடி இடித்தால் ஆம்ப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

ஒரு பாட்டு கைக்கு வந்ததும் டேப்பை மூடிவிட்டு, பாஸ் பகுதியை வாயால் பாடிப் பாருங்கள். வீணை படிக்கும் பிள்ளையைப் பாடிவிட்டு வாசி என்று சொல்வார்களே, அதே பாடம்தான். வாயில் வந்த பாட்டு எண்களைப் பார்க்காமலே விரலில் வரும்.