புராஸ்டேட் அழற்சியும் மருந்துகளும்

முன்னுரை

நோய்களுள் வெளியே சொல்லத்தக்கன சில. சொல்லக் கூசுவன சில. தலைவலி என்றால் ஊரைக் கூட்டிச் சொல்லும் நம்மவர், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் என்றால் உடன்பிறந்தானிடமும் வாய்திறவார். ஆடவர்க்கு வரும் புராஸ்டேட் அழற்சி இவ்வாறு மறைக்கப்படும் நோய்களுள் ஒன்று. இது முதியோர்க்கே உரியது என்று எண்ணுவது தவறு. ஐம்பது வயதுக்கு உட்பட்ட ஆடவரிடமும் இது பரவலாகக் காணப்படுகிறது. ஆகவே மாணவ நண்பர்கள் இதனை அறிந்திருத்தல் நலம். வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையில், இந்நோய்க்குரிய மருந்துகள் செயற்படும் விதத்தை நம் பாடத்தோடு இயைத்து விளக்க முயல்கிறேன். எந்த மருந்து என்று முடிவு செய்வது மருத்துவர் கடமை. அதனை ஏன் அத்தனை நாள் உண்ணவேண்டும் என்று அறிந்துகொள்வது நம் கடமை.

சுரப்பியும் நோயின் வகைகளும்

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சூழ்ந்து, பெரிய நெல்லிக்காய் அளவில் அமைந்துள்ளது புராஸ்டேட் சுரப்பி. விந்துநீரின் ஒரு பகுதியைச் சுரப்பது இதுவே. இச்சுரப்பி வீங்கினால் குழாய் நெருக்குண்டு, சிறுநீர் தடைப்படும்.

அமெரிக்க நாட்டின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 1995ஆம் ஆண்டு கூட்டிய அறிஞர் குழு இந்நோயை நான்காகப் பகுத்தது. முதலாவது, குளிர்காய்ச்சலோடு திடீரெனத் தாக்கும் நுண்ணுயிர் அழற்சி. இரண்டாவது, விட்டுவிட்டுத் திரும்பவரும் நாட்பட்ட நுண்ணுயிர் அழற்சி. மூன்றாவது, நுண்ணுயிர் எதுவும் காணப்படாமல் இடுப்பின் அடிப்பகுதியில் நீடிக்கும் வலி. நான்காவது, துன்பம் எதுவுமின்றி வேறு சோதனையின்போது தற்செயலாகத் தெரியவருவது; இதற்குப் பெரும்பாலும் மருந்தே வேண்டியதில்லை. இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது மூன்றாவது வகையே. முதலிரண்டு வகைகளுக்குப் பெரும்பாலும் காரணமாவது, நம் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் நுண்ணுயிர்.

மருந்து நுழைய மறுக்கும் இடம்

நுண்ணுயிர்தானே பகை, அதனைக் கொல்லும் மருந்தைக் கொடுத்தால் தீர்ந்தது என்று தோன்றலாம். ஆனால் இரத்தத்தில் உள்ள மருந்து சுரப்பிநீரை அடையவேண்டுமானால், இடையிலுள்ள செல்களின் கொழுப்புச் சவ்வைக் கடந்தாகவேண்டும். மின்னேற்றமுள்ள அயனிகள் அச்சவ்வைக் கடப்பது அரிது. மின்னேற்றமற்ற, கொழுப்பில் கரையும் மூலக்கூறுகளே எளிதில் கடக்கும். பெனிசிலின் ஓர் அமிலம். இரத்தத்தின் பி.எச். மதிப்பு 7.4, அந்நிலையில் அது ஏறத்தாழ முழுவதும் அயனியாகிவிடும். ஆகவே நலமுள்ள சுரப்பிக்குள் அது மிகக் குறைவாகவே நுழைகிறது.

டிரைமெத்தோப்ரிம் என்பது வலுக்குறைந்த காரம். இதனை உருவாக்கிய குழுவில் இடம்பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், 1988இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். இம்மருந்தின் பி.கே.ஏ. மதிப்பை 7.3 எனக் கொண்டு, நாம் வகுப்பில் பயின்ற ஹெண்டர்சன் சமன்பாட்டின்படி கணக்கிட்டுப் பார்த்தேன். சுரப்பிநீரின் பி.எச். 6.6 என்றால், மருந்து உள்ளே சென்று அயனியாகி அங்கேயே சிறைப்பட, அதன் செறிவு இரத்தத்தில் உள்ளதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வருகிறது. அழற்சி நாட்பட்டால் அந்நீர் காரத்தன்மை பெற்று, பி.எச். 8 வரை உயரக்கூடும். அப்போது அதே செறிவு மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. மருந்து நோயை எதிர்ப்பதுபோல, நோயும் மருந்தின் வழியை அடைப்பதை இங்குக் காண்கிறோம்.

நுண்ணுயிர் வகைக்குரிய மருந்துகள்

திடீர் அழற்சியில் சவ்வின் காப்பு தளர்ந்துவிடுவதால், பெனிசிலின் இனத்து மருந்துகளும் செஃபலோஸ்போரின்களும் உள்ளே செல்லும். நோய் கடுமையானால் மருத்துவமனையில் சேர்த்து, ஊசி வழியே செலுத்துவர். நாட்பட்ட வகையில் அக்காப்பு பெரிதும் மீண்டுவிடும். அதனைக் கடக்க வல்லவை சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் முதலிய ஃப்ளூரோகுவினோலோன்கள். இவற்றின் மூலக்கூறில் அமிலப் பகுதியும் காரப் பகுதியும் ஒருங்கே உள்ளன. எனவே பி.எச். உயர்ந்தாலும் இவை போதிய அளவு நுழைகின்றன. இக்குலத்தின் மூதாதை நாலிடிக்சிக் அமிலம். மலேரியா மருந்தாகிய குளோரோகுவினைத் தயாரிக்கும் முயற்சியில் கிடைத்த உடன்விளைபொருளிலிருந்து பிறந்து, 1962இல் வெளிவந்தது அது.

ஃப்ளூரோகுவினோலோன்கள் கால்சியம், மக்னீசியம், இரும்பு ஆகிய அயனிகளோடு கொடுக்கிணைப்புச் சேர்மங்களாக மாறும். அவ்வாறு மாறியவை குடலில் சரிவர உறிஞ்சப்படா. பாலோடும், அமிலமுறி மருந்துகளோடும், இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து உண்ணலாகாது என்பது இதனால்தான். தசைநாண் கிழிதல், நரம்புப் பாதிப்பு ஆகிய அரிய தீங்குகளும் இவற்றால் நேர்வதுண்டு. குதிகால் தசைநாணில் வலி கண்டால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

நுண்ணுயிர் இல்லாத வகை

இங்கு நுண்ணுயிர்க்கொல்லிகளை மீண்டும் மீண்டும் உண்பதால் பயனில்லை. சிறுநீர் தடைப்பட்டால் டாம்சுலோசின் போன்ற ஆல்ஃபா தடுப்பிகள் சுரப்பியிலும் சிறுநீர்ப்பைக் கழுத்திலும் உள்ள தசையைத் தளர்த்தி வழிவிடச் செய்யும். எழுந்து நிற்கையில் தலைசுற்றல் வரலாம் என்பதால் இதனை உறங்கப்போகும்முன் கொடுப்பதும் உண்டு. வலிக்கு ஐபுப்ரோஃபென் போன்றவை சிலகாலம் உதவும். இரைப்பைப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்க்கு இவை தீங்கு செய்யும். இடுப்படித் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும், வெந்நீரில் அமர்தலும், மனக்கவலை நீங்குதலும் மருந்துக்கு இணையாக வைத்துப் போற்றத்தக்கவை.

எத்தனை நாள்?

திடீர் வகைக்கு இரண்டு முதல் நான்கு வாரம், நாட்பட்ட வகைக்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் என்பது மருத்துவ வழக்கு. எங்கள் ஊரில் எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர், காய்ச்சல் தணிந்த மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு மாதத்தில் எரிச்சல் திரும்பியது. உடற்சூடு என்று எண்ணி மோரும் இளநீரும் பருகினார். பின்னர் மருந்துக்கடையில் பழைய அட்டையைக் காட்டி, ஐந்து மாத்திரை வாங்கி உண்டார். வெளியில் சொன்னால் பிறர் தவறாக எண்ணுவரோ என்ற கூச்சமே அவரை ஓராண்டு அலைக்கழித்தது. முடிவில் அரசு மருத்துவமனையில் சிறுநீரை வளர்சோதனை செய்து, எம்மருந்துக்கு அந்நுண்ணுயிர் அடங்கும் என்று கண்டு, ஆறு வாரம் மருந்து கொடுத்தனர். இப்போது நலமாக இருக்கிறார். அரைகுறையாக உண்ட மருந்து நுண்ணுயிரை முழுதும் அழிப்பதில்லை. எஞ்சியவற்றுள் மருந்துக்கு அடங்காதவை பெருக இடமளிக்கிறது. இத்தகைய தீங்கைத் தடுக்கவே, லீவோஃப்ளாக்சசின் உள்ளிட்ட பல மருந்துகளை நம் நாட்டில் 2014 முதல் தனி அட்டவணையில் வைத்து, மருத்துவர் சீட்டின்றி விற்கத் தடைசெய்து, விற்பனையைப் பதிவேட்டில் குறிக்கவும் விதித்துள்ளனர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஒரே பெயருடைய நோய்க்கு ஒரே மருந்து இல்லை என்பதும், வகை அறிந்தே மருந்து அமையும் என்பதும் விளங்கும். சிறுநீர் அடியோடு நின்றாலோ, குளிரோடு காய்ச்சல் வந்தாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது. நண்பர்களே, உங்கள் இல்லத்தில் தந்தையோ தமையனோ இரவில் பலமுறை எழுந்து, ஒன்றும் சொல்லாமல் படுப்பதைக் கண்டால், நீங்களே முதலில் பேச்சைத் தொடங்குங்கள். அவர்கள் சொல்லத் தயங்குவதை நாம் கேட்கத் தயங்கவேண்டியதில்லை.